வீட்டுப்படம் வரையச் சொன்னேன், அவளுக்கு வீடே இல்லை. இனி என்ன செய்வது?

#1 | கரும்பலகை | இரவு 10:42

எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். அளவுப்படம் பாடம் முடிந்ததும் வழக்கமாகக் கொடுக்கும் வேலைதான்: அவரவர் வீட்டை அளந்து, ஒரு மீட்டருக்கு 2 செ.மீ. என்று தரைப்படம் வரைந்து வரணும். பதினைந்து வருஷமாகக் கொடுக்கிறேன், ஒரு நாளும் யோசித்ததில்லை.

ஒரு பெண் கொண்டுவந்த படம்தான் வகுப்பிலேயே சிறந்தது. கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கால்வட்டம் போட்டிருந்தாள். மீட்டர் பெட்டி, ஜன்னல் திண்டு, கொடிக்கயிறு கட்டும் ஆணி வரை இருந்தது. பத்துக்குப் பத்து போட்டு வகுப்பு முழுக்கக் காட்டினேன்.

நாலு நாள் கழித்து அவள் தோழி ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். "டீச்சர், அவங்க அந்த வீட்ல இப்ப இல்ல. காலி பண்ணி நாலு மாசம் ஆச்சு. ஞாபகத்துல இருந்து வரைஞ்சா."

அப்புறம் விசாரித்ததில் தெரிந்தது: அம்மா, இவள், ஆறாவது படிக்கும் தம்பி. முதலில் பெரியம்மா வீட்டுக் கூடத்தில் இரண்டு மாதம், பிறகு ஒரு லாட்ஜ் அறை, இப்போது காப்பகம். அங்கிருந்து பள்ளிக்கு இரண்டு பஸ். இந்தப் பருவத்தில் 11 நாள் தாமதமாக வந்திருக்கிறாள். தாமதமாக வந்தால் முதல் பீரியட் வெளியே நிற்கணும் என்பது எங்கள் பள்ளி வழக்கம். முதல் பீரியட் என்னுடையது. அதாவது 11 நாளும் அவளை வெளியே நிறுத்தியது நான்.

மூணு விஷயம் கேட்கணும்.
அவளிடம் "எனக்குத் தெரியும்" என்று சொல்லலாமா?
காப்பகத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கே மாற்றிவிடலாம் என்று அம்மா சொல்கிறார், நானும் தலையாட்டிவிட்டேன். அது சரியா?
சக ஆசிரியர்கள் பணம் திரட்டி, காலை வழிபாட்டில் வைத்துக் கொடுக்கலாம் என்கிறார்கள்.

---

#2 | மழைக்காகிதம் | இரவு 10:51

மூணாவதுக்கு மட்டும் இப்பவே பதில்: வேண்டவே வேண்டாம்.

---

#3 | கடைசிபெஞ்ச் | இரவு 11:20

டீச்சர், 13 வயசுல இருந்து 16 வரைக்கும் நான் அந்தப் பொண்ணு மாதிரிதான் இருந்தேன். அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

என் பை எப்பவும் மத்தவங்க பையைவிட ரெண்டு மடங்கு கனம். அன்னிக்கு எந்தப் பாடம்னு பார்த்து எடுத்துட்டு வர முடியாது. விட்டுட்டு வர இடம் வேணுமே. எல்லாப் புத்தகமும், ஒரு செட் துணியும், பல்லு விளக்கற பிரஷ்ஷும், அப்பாவோட ஆஸ்பத்திரி ஃபைலும் அதுல. பசங்க "என்னடா மூட்டை" ம்பாங்க. ஒரு நாள் நோட்டு செக் பண்ண பையைக் கவுத்தாங்க. பிரஷ் உருண்டு முதல் பெஞ்ச் வரைக்கும் போச்சு. அன்னிக்கு மதியமே கிளம்பிட்டேன், பத்து நாள் ஸ்கூல் பக்கம் போகல.

எனக்கு உதவினது யாருன்னா, லேப் அட்டெண்டர் அண்ணன். "டேய், இந்த அலமாரில கீழ்த்தட்டு காலியா இருக்கு, வேணும்னா வச்சுக்கோ"ன்னாரு. அவ்ளோதான். ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. அடுத்து பி.டி. சார். ஏழு மணிக்கே கேட்டைத் திறந்து விளையாட்டு அறைப் பக்கம் இருக்கற குழாயில குளிக்க விட்டாரு. ஊருக்குச் சொன்ன காரணம் "கபடி டீம் பிராக்டிஸ்". நான் கபடியே ஆடினதில்ல.

எனக்கு வலிச்சதும் ஒண்ணு உண்டு. ஆண்டு விழா மேடையில கூப்பிட்டுப் புதுப் பை குடுத்தாங்க. மைக்ல பேரும் சொன்னாங்க, காரணமும் சொன்னாங்க. நல்ல மனசோடதான் செஞ்சாங்க, எனக்கும் தெரியும். அந்தப் பையை நான் ஒரு நாள்கூட ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போகல.

உங்க முதல் கேள்விக்கு: தெரியும்னு சொல்லாதீங்க. தெரிஞ்ச மாதிரி நடந்துக்கோங்க. அவளுக்கே புரிஞ்சுடும்.

---

#4 | நீலக்கோடு | இரவு 11:58

வணக்கம் கரும்பலகை. நான் அமெரிக்காவில் ஒரு பள்ளி மாவட்டத்தில் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) வீடில்லாத மாணவர்களைக் கவனிக்கும் வேலையில்தான் இருக்கிறேன். இங்கே இதற்கென்று தனிச் சட்டமே உண்டு: 1987இல் வந்த மெக்கின்னி–வென்டோ சட்டம். 2015இல் கடைசியாகத் திருத்தி வலுப்படுத்தினார்கள். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அதன் பின்னால் இருக்கும் யோசனை உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலாவது, வீடில்லாதவர் யார் என்பதற்கு அது சொல்லும் விளக்கம். இரவில் தங்க நிலையான, வழக்கமான, போதுமான இடம் இல்லாதவர். நடைபாதையில் படுப்பவர் மட்டும் இல்லை. வீட்டை இழந்து உறவினர் கூடத்தில் ஒண்டியிருப்பவர், லாட்ஜில் இருப்பவர், காரில் தூங்குபவர் எல்லோரும் இதில் வருவார்கள். 2022–23 கல்வியாண்டில் இங்கே பள்ளிகள் அடையாளம் கண்ட வீடற்ற மாணவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். அவர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பேர் அடுத்தவர் வீட்டில் ஒண்டியிருப்பவர்கள்தான். உங்கள் மாணவி பெரியம்மா வீட்டில் இருந்த இரண்டு மாதமும் இந்தக் கணக்கில் வரும். யாரும் கவனிப்பதில்லை, ஏனென்றால் மேலே கூரை இருக்கிறது.

இரண்டாவது உங்கள் கேள்விக்கே வருகிறது. வீடு போனாலும் பள்ளி போகக்கூடாது என்பதுதான் இந்தச் சட்டத்தின் உயிர்நாடி. குடும்பம் எங்கே இடம் மாறினாலும், பிள்ளை ஏற்கெனவே படித்த பள்ளியிலேயே தொடர உரிமை உண்டு. பெற்றோர் கேட்டால் போக்குவரத்துக்கு மாவட்டம் ஏற்பாடு செய்யணும். நிலையான வீடு கிடைத்த பிறகும் அந்தக் கல்வியாண்டு முடியும் வரை அங்கேயே படிக்கலாம். மாறித்தான் ஆகணும் என்றால் புதிய பள்ளி உடனே சேர்த்துக்கொள்ளணும்; தடுப்பூசிச் சீட்டு, முகவரிச் சான்று, பழைய மதிப்பெண் பட்டியல் எல்லாம் பின்னால் வரட்டும். இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு தொடர்பு அலுவலர் கட்டாயம். நான் அதுதான்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், அந்தப் பிள்ளைக்கு வீடு, தெரு, பக்கத்து வீட்டுத் தோழி, தூங்கும் மூலை எல்லாம் ஒரே வாரத்தில் போய்விடுகிறது. மாறாமல் மிச்சம் இருப்பது வகுப்பில் அவள் உட்காரும் இடம் ஒன்றுதான். உங்களைத் தேடி வந்து சொன்னாளே அந்தத் தோழி, புதுப் பள்ளியில் அவள் கிடைப்பாளா?

---

#5 | தராசு | காலை 6:15

நீலக்கோடு சொல்றது கேக்க நல்லா இருக்கு. ஆனா அங்க சட்டம் வண்டி அனுப்புது. இங்க எது அனுப்பும்? 13 வயசுப் பொண்ணு, கூட 11 வயசுத் தம்பி, ரெண்டு பஸ், இருட்டறதுக்குள்ள திரும்பணும். "பழைய பள்ளியிலேயே தொடரட்டும்"னு நாம இங்க உக்காந்து எழுதிடலாம், அலையப் போறது அவங்க. தினம் மூணு மணி நேரம் பஸ்ல போனா படிக்கறது எப்போ? அம்மா சொல்றதுதான் நடைமுறை. பக்கத்துலயே சேத்து விடுங்க.

---

#6 | நீலக்கோடு | காலை 7:02

தராசு, உங்கள் எதிர்வாதம் நியாயமானதுதான். இங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு பழைய பள்ளி என்று சொல்வதில்லை, பிள்ளைக்கு எது நல்லது என்று பார்த்துத்தான் முடிவு. தூரம், பாதுகாப்பு, வயது எல்லாம் அதில் சேரும். ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் என்பதால் நானே மாற்றச் சொன்ன பிள்ளைகள் உண்டு.

ஆனால் முடிவெடுக்கும் முன் அம்மாவிடம் ஒன்று கேட்கணும்: அந்தக் காப்பகத்தில் எத்தனை நாள் இருக்க முடியும்? பல காப்பகங்களில் தங்குவதற்குக் கெடு உண்டு. மூன்று மாதம்தான் என்றால், இப்போது ஒரு பள்ளி, மூன்று மாதத்தில் இன்னொரு பள்ளி. எட்டாவதை மூன்று பள்ளியில் படித்த பிள்ளை ஒன்பதாவதுக்கு வருமா என்பதே சந்தேகம்.

---

#7 | முன்னாள்_தலைமையாசிரியர் | காலை 8:30

கரும்பலகை அம்மா, தாங்கள் இந்தியாவில் பணிபுரிகிறீர்கள் என்று கொண்டு எழுதுகிறேன். தனிச் சட்டம் இல்லையே தவிர, வழி இல்லாமல் இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தைப் பலர் 25 சதவீத இடஒதுக்கீட்டுக்கு மட்டும்தான் புரட்டுகிறார்கள். வேறு சில பிரிவுகளும் அதில் உள்ளன.

மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது (பிரிவு 5). வயதுச் சான்று இல்லை என்று மறுக்கக்கூடாது (14). ஆண்டு நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும் (15). இடையில் படிப்பு விட்டுப்போன குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, பின்தங்கிய பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் (4). ஆறு வயதான தம்பிகளோடு பத்து வயதுப் பையனை உட்கார வைக்கக் கூடாது என்பதுதான் இந்த நாலாம் பிரிவின் பொருள். ஆனால் அலுவலக ஜன்னலில் நிற்கும் தாய்க்கு இதெல்லாம் தெரியாது. ஜன்னலுக்கு உள்ளே இருப்பவருக்கும் பல நேரம் தெரியாது.

இன்னொன்று, மன்னிக்கவும், சொல்லியாக வேண்டும். பதினேழாம் பிரிவு அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை, மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது. வெளியே நிறுத்தும் பழக்கம் என் பள்ளியிலும் இருந்தது. நானும் நிறுத்தியிருக்கிறேன்.

பெரிய பள்ளம் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தச் சட்டத்தின் கை 14 வயதோடு நின்றுவிடுகிறது. தங்கள் மாணவி எட்டாவது முடித்ததும் அவளைத் தாங்க இந்தப் பிரிவுகள் எதுவும் இராது. ஆகவே ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கையை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

---

#8 | தராசு | காலை 9:05

சார், இன்னொரு சந்தேகம். வீடில்லாம ஒரு குழந்தை இருக்குன்னு தெரிஞ்சும் டீச்சர் யார்கிட்டயும் சொல்லாம இருக்கலாமா? குழந்தைகள் நலக் குழு, 1098 குழந்தைகள் உதவி எண் எல்லாம் எதுக்கு இருக்கு? நாளைக்கு ஏதாவது ஆனா பொறுப்பு டீச்சர் தலையில விழும்.

---

#9 | முன்னாள்_தலைமையாசிரியர் | காலை 9:48

நல்ல கேள்வி. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், வீடோ நிலையான தங்குமிடமோ இல்லாமல், பிழைப்புக்கும் வழியில்லாமல் இருக்கும் குழந்தையைப் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்கிறது. ஆனால் அதே சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளைப் படித்தால், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் முதல் பொறுப்பு குடும்பத்துக்கு, இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்றும் இருக்கிறது. இங்கே தாய் இருக்கிறார், காப்பகத்தில் ஓர் இடமும் இருக்கிறது. அடி, உதை, தவறான தொடுதல், வேலைக்கு அனுப்புதல் என்று ஏதாவது தெரிந்தால் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் 1098க்கு அழைக்க வேண்டும். வறுமை மட்டும்தான் என்றால் முதலில் பேச வேண்டியது தாயிடம்.

இந்தத் தாய்மார்கள் ஏன் பள்ளியில் மறைக்கிறார்கள் தெரியுமா? கூச்சம் பாதி, பயம் பாதி. "வெளியே தெரிந்தால் பிள்ளைகளைப் பிரித்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்" என்ற பயம். பேசும்போது முதல் வாக்கியத்திலேயே அந்தப் பயத்தை எடுத்துவிடுங்கள்.

---

#10 | ராத்திரி_ஷிப்ட் | பிற்பகல் 2:10

இரவுக் காப்பகம் ஒன்றில் நாலு வருஷமாகத் தன்னார்வலராகப் போகிறேன். பள்ளிப் பக்கம் இருந்து தெரியாத சில விஷயங்கள்.

ஒன்பதரைக்கு விளக்கணைப்பு. அறுபது பேர் தூங்கும் கூடத்தில் ஒரு பிள்ளைக்காக லைட் போட முடியாது. மேஜை ஒன்றுதான், அதிலும் பதிவேடு இருக்கும். எங்களிடம் இருந்த ஒரு பத்தாம் வகுப்புப் பையன் கழிவறைக்குப் போகும் நடையில், எரிந்துகொண்டே இருக்கும் பல்புக்குக் கீழே நின்றுகொண்டே படிப்பான். உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவர் காலில் இடறுமே. இது எங்கள் கண் முன்னாலேயே ரெண்டு மாசம் நடந்தது. ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. அவன் வகுப்பாசிரியை ஒரு நாள் லெட்டர்பேடில் நாலு வரி எழுதி அனுப்பினார்: "தேர்வு நெருங்குகிறது, இரவு பத்தரை வரை ஒரு மூலையில் விளக்கும் நாற்காலியும் கொடுத்தால் உதவியாக இருக்கும்." மறுநாளே ஸ்டோர் ரூமில் இடம் ஒதுக்கிவிட்டார்கள். நாங்கள் கேட்டிருந்தால் நடந்திருக்காது. பள்ளியின் முத்திரைக்கு ஒரு மரியாதை இருக்கத்தான் செய்கிறது.

காலையில் பிள்ளை தூங்கி வழிந்தால் சோம்பேறி என்று எழுதாதீர்கள். மூத்த பிள்ளைகள் பாதி ராத்திரி விழித்துத்தான் இருக்கும், பையும் செருப்பும் போய்விடும் என்று.

அப்புறம் கரும்பலகை, அந்தத் தம்பியைக் கொஞ்சம் கவனியுங்கள். பெண்கள் தங்கும் காப்பகங்கள் சிலவற்றில் குறிப்பிட்ட வயதுக்கு மேல் ஆண்பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை. பதினொன்று என்றால் அந்த எல்லை தூரத்தில் இல்லை. அம்மாவும் அக்காவும் ஓர் இடம், பையன் வேறு இடம் என்று ஆகும். அப்படிப் பிரிந்த பையன்கள்தான் முதலில் பள்ளியை விடுகிறார்கள்.

---

#11 | மழைக்காகிதம் | பிற்பகல் 3:37

யாரோ "தெருக்குழந்தை"ன்னு எழுதி அழிச்சிருக்காங்க போல, அதனால ஒரு சின்ன இடைச்செருகல். ஐ.நா. குழந்தை உரிமைக் குழு 2017ல இது பத்திப் பொதுக் கருத்துரை எண் 21 வெளியிட்டப்போ, "தெருச் சூழலில் இருக்கும் குழந்தைகள்"னுதான் சொல்லு போட்டாங்க. தெரு அவங்க இருக்கற இடம், அவங்க ஜாதகம் இல்ல. சரி, தொடருங்க.

---

#12 | தராசு | மாலை 5:20

ஒத்துக்கறேன், காலையில கொஞ்சம் வேகமா எழுதிட்டேன். ஆனா சலுகை விஷயத்துல எனக்குப் பிடிவாதம் உண்டு. ஹோம்வொர்க் வேண்டாம், டெஸ்ட் வேண்டாம், பாஸ் போட்டுடலாம்னு ஆரம்பிச்சா அந்தப் பொண்ணுக்கு நாமளே குழி வெட்டறோம்.

---

#13 | கடைசிபெஞ்ச் | மாலை 6:44

தராசு அண்ணா, இந்த ஒரு விஷயத்துல நான் உங்க கட்சி. பாவம்னு போட்ட மார்க் எனக்கு அப்பவே தெரியும். பேப்பரைத் திருப்பித் தர்றப்போ டீச்சர் கண்ணைப் பார்த்தாலே தெரியும். வேலையைக் குறைக்காதீங்க, இடத்தை மாத்திக் குடுங்க. ஹோம்வொர்க்கை ஸ்கூல்லயே முடிக்க மதிய இடைவேளையில அரை மணி நேரம் வகுப்பறையைத் திறந்து வச்சா போதும். சார்ட் பேப்பர், கலர் பென்சில், "வீட்ல பிரிண்ட் எடுத்துட்டு வா" எல்லாத்தையும் யோசிங்க. உங்க வீட்டுப்படம் மாதிரியே "லீவுல என்ன செய்தாய்" கட்டுரையும். லீவுன்னாலே எனக்கு வயிறு கலங்கும். ஸ்கூல் இருந்தா பகல் முழுக்க உக்கார இடம் இருக்கும், லீவுல அது கிடையாது. நான் எழுதின கட்டுரையில எனக்கு ஒரு தாத்தா, ஒரு தோட்டம், ரெண்டு ஆடு. முதல் பரிசு.

பெரிய பசங்க பத்தி யாரும் எழுதல. 15, 16 வயசுல குடும்பமும் இல்லாம தனியா இருக்கறவன்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வான்னு பெற்றோர் பத்தி இருக்கற ஃபாரத்தை நீட்டுவாங்க. அதோட அவன் கதை முடிஞ்சது.

---

#14 | நீலக்கோடு | இரவு 8:05

அதற்கு இங்கே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பெற்றோர் துணையின்றித் தனியாக இருக்கும் பிள்ளை தானே பள்ளியில் சேரலாம், அதற்கு உதவுவது எங்கள் வேலை. கல்லூரி நிதியுதவிக்கு விண்ணப்பிக்கும்போதும் நாங்கள் கடிதம் கொடுத்தால் பெற்றோர் வருமானமும் கையெழுத்தும் கேட்க மாட்டார்கள். பாதியில் பள்ளி மாறிய பிள்ளை பாதிவரை படித்த பாடத்துக்கும் மதிப்பு தரணும் என்று 2015 திருத்தத்தில் சேர்த்தார்கள். சட்டம் இருந்தும் எல்லாப் பள்ளியிலும் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்லமாட்டேன். தெரியாத அலுவலகங்கள் இங்கேயும் நிறைய.

---

#15 | கரும்பலகை | 9 நாள் கழித்து, இரவு 9:30

எல்லோருக்கும் பதில் எழுத நினைத்துத் தள்ளிப்போய்விட்டது.

அம்மாவை வரச் சொல்லாமல் நானே அவர் வேலை முடியும் நேரத்தில் போய்ப் பார்த்தேன். பிள்ளைகளைப் பிரிக்க யாரும் வரப்போவதில்லை என்று எடுத்த எடுப்பில் சொன்னேன் (நன்றி சார்). ரொம்ப நேரம் பேசவில்லை. காப்பகத்தில் கெடு இன்னும் ஐந்து வாரம்தானாம். அதைக் கேட்டதும் பள்ளி மாற்றும் பேச்சை இருவருமே விட்டுவிட்டோம், இந்த வருஷம் முடியட்டும் என்று. தம்பிக்கு இப்போதைக்குச் சிக்கல் இல்லை, அடுத்த இடத்தில் என்ன விதியோ.

வெளியே நிறுத்தும் வழக்கத்தைத் தலைமையாசிரியரிடம் பேசி எட்டாம் வகுப்பு முழுக்க எடுத்துவிட்டோம். அவளுக்கு மட்டும் என்று இல்லாமல் எல்லோருக்கும். முதல் நாலு நாள் வேண்டுமென்றே தாமதமாக வந்த இரண்டு வீரர்கள் இப்போது அலுத்துப்போய் நேரத்துக்கு வருகிறார்கள்.

வகுப்பு அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து, "பை கனமாக இருப்பவர்கள் புத்தகம் வைத்துக்கொள்ளலாம்" என்று பொதுவாகச் சொன்னேன். மறுநாள் ஒன்பது பேர் வைத்துவிட்டார்கள். அவள் வைக்கவில்லை. மூன்றாம் நாள்தான் வைத்தாள், ஒரே ஒரு புத்தகம். சமூக அறிவியல். அது தடிமனாக இருக்கும்.

வழிபாட்டுக் கூட்ட யோசனையைக் கைவிடவைக்கத்தான் சண்டையே போட வேண்டியிருந்தது. அதை எழுதினால் இன்னொரு இழை ஆகும்.

அடுத்த வருஷத்திலிருந்து அளவுப்படத்துக்கு வகுப்பறையை அளக்கச் சொல்லப்போகிறேன். டேப் பிடிக்க எல்லோருக்கும் ஒரே சுவர்.

இப்போது மாட்டிக்கொண்டிருப்பது பஸ் பாஸில். விண்ணப்பத்தில் முகவரிக் கட்டம் இருக்கிறது. பழைய விலாசம் பொய். காப்பகத்தின் பெயரை எழுதினால் பாஸை நீட்டும்போதெல்லாம் கண்டக்டர் படிப்பார் என்று அவள் எழுத மாட்டேன் என்கிறாள். காலியாக விட்டால் வாங்க மாட்டார்கள். யாராவது செய்திருக்கிறீர்களா?

---

#16 | முன்னாள்_தலைமையாசிரியர் | இரவு 9:52

பள்ளியின் முகவரியை எழுதி, "மேற்பார்வை: தலைமையாசிரியர்" என்று போட்டு முத்திரை வையுங்கள். கூடவே ஒரு சான்றுக் கடிதம். நான் மூன்று பேருக்கு அப்படிக் கொடுத்திருக்கிறேன். ஒரு முறை கேள்வி கேட்டார்கள், நேரில் போய் நின்றேன், கொடுத்துவிட்டார்கள். விண்ணப்பத்தைப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்பாதீர்கள், யாராவது ஒரு ஆசிரியர் கூடப் போக வேண்டும்.

---

#17 | கரும்பலகை | இரவு 9:58

சனிக்கிழமை நானே போகிறேன் சார். தம்பிக்கும் சேர்த்து இரண்டு விண்ணப்பம்.